பலசரக்கு: வருசத்துக்கா, மாசத்துக்கா, அன்றன்றைக்கா?

மாசி பிறந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். வாதி என் அத்தை, பிரதிவாதி நான். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் என் வீட்டுக்காரர்.

“புதுப் புளி வந்துட்டு. வருசத்துக்கு வாங்கிப் போட்டுருவோம்” என்பார் அத்தை. “இந்த மாடி வீட்ல எங்க அத்த வைக்க? மாசாமாசம் வாங்கிக்கிடலாம்” என்பேன் நான். “அந்தந்த நேரத்துக்கு அண்ணாச்சி கடையில வாங்குனா என்ன?” என்று அவர் மெல்ல ஆரம்பிப்பார். இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

அத்தை சேரன்மகாதேவிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். அரங்கு வீட்டில் குலுக்கை நிறைய நெல், சாலில் புளி, நார்ப்பெட்டியில் மிளகாய் வத்தல், கருப்பட்டிக்குத் தனிப் பானை என்று இருந்த குடும்பம். கார் அறுப்பு, பிசான அறுப்பு என்று வருசத்துக்கு இரண்டு முறை களஞ்சியம் நிறையும். நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில் வாடகை மாடி. ஏழாவது படிக்கிற மகள், ஒன்றாவது படிக்கிற மகன், அத்தை, நாங்கள் இருவர் என ஐந்து பேர். வீட்டுக்காரர் சம்பளமும் நான் டியூஷன் எடுப்பதும்தான் வரவு. சமையலறையில் இரண்டு ஆள் ஒன்றாக நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டும்.

சண்டை போட்டு அலுத்துப்போய், போன வருசம் ஒரு நோட்டுப் போட்டேன். மூன்று வழியிலும் வாங்கிப் பார்த்து, ஒவ்வொன்றையும் எழுதி வைத்தேன். கீழே வரும் விலைகள் நான் வாங்கிய அன்றைய விலைகள். உங்கள் கடையில் கூடக் குறைய இருக்கும்.

இந்த மூன்றுக்கும் முன்னால் ரேஷன் கடை இருக்கிறது. அதில் ஒப்பிட ஒன்றுமில்லை, போய் வாங்க வேண்டியதுதான். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. வெளியில் துவரம்பருப்பு நூறைத் தாண்டி எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் எண்ணெயும் சீனியும் சேர்ந்து, அரிசியைக் கணக்கில் விட்டுவிட்டாலும், மாதம் இருநூறு ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். ஆனாலும் கார்டை முகவரிச் சான்றாக மட்டும் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. கேட்டால் ‘அரிசி நல்லால்ல’ என்பார்கள். சோற்றுக்கு வேண்டாம், சரி. மூன்று பங்கு ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு கடை இட்லி அரிசி சேர்த்து, நாலைந்து தடவை கழுவி ஊறப்போட்டால் இட்லியில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அத்தைதான். வரிசையில் நின்று அந்த அரிசியை வாங்கி வருவதும் அவர்தான் என்பதால் வாய் திறப்பதில்லை.

இனி வழக்குக்கு வருகிறேன்.

வருசத்துக்கு வாங்கினால்

புளியில் அத்தை ஜெயித்துவிட்டார், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனிதான் புளி உலுக்குகிற காலம், அப்போது விலை இறங்கும். புளிக்குழம்பும் மீன்குழம்பும் ரசமும் மாறி மாறி வைக்கிற வீட்டில் மாதம் அரைக் கிலோ ஓடும். பத்துக் கிலோ கொட்டைப்புளி, கிலோ 80 ரூபாய்க்கு எடுத்தோம். கொட்டையும் நாரும் போக ஆறு கிலோதான் தேறியது. அதாவது கொட்டை எடுத்த புளி கிலோ 133 ரூபாய். அதே நாளில் கொட்டை எடுத்த புளியாகவே 150-க்குக் கிடைத்தது. ஆக, நான்கு மத்தியானம் உட்கார்ந்து அத்தை தட்டியதற்குக் கூலி கிலோவுக்கு 17 ரூபாய். ஐப்பசியில் அண்ணாச்சி கடையில் விலை 200. அந்த விலையில் பார்த்தால் ஆறு கிலோவுக்கு நானூறு ரூபாய் மிச்சம். நடுவில் விலை குறைவாக இருந்த மாதங்களைக் கழித்தால் முந்நூறு சொச்சம்.

“வருசம் முழுசுக்கும் முந்நூறு ரூவாதானா அத்த?” என்றேன்.

“முந்நூறு ரூவாய்க்கு என்னெல்லாம் வாங்கலாம்னு ஒம் மவகிட்ட கேளு” என்றார்.

கல்லுப்பு போட்டுப் பிசைந்து பானையில் அமுக்கி வைத்தால் புளி கெடாது, கறுக்கும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், வீட்டில் நிறைய இருக்கிறது என்பதற்காக யாரும் குழம்பில் கூடுதல் புளி கரைப்பதில்லை. இது பெரிய விஷயம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தது எண்ணெய் டின். எங்களுக்கு மாதம் நாலு லிட்டர் எண்ணெய் போதும். 15 லிட்டர் டின் வாங்கினால் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் குறைகிறது என்று ஒரு டின் எடுத்தேன். கணக்குப்படி நாலு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும். இரண்டரை மாதத்தில் டின்னைச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூரி, மழை பெய்தால் வடை, சாம்பார் சோற்றுக்கு அப்பளம், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வத்தல். யாரையும் குறை சொல்ல முடியாது, பொரித்தது நான். அன்றைக்கு நோட்டில் ஒரு கோடு போட்டேன்: நிறைய இருந்தாலும் கூடுதலாகச் செலவாகாத சாமான் ஒரு பக்கம், நிறைய இருந்தால் கூடுதலாகச் செலவாகிற சாமான் மறுபக்கம். புளி, கல்லுப்பு, மிளகாய் வத்தல், கடுகு, சோப்பு ஒரு பக்கம். எண்ணெய், சீனி, நெய், முந்திரி, பிஸ்கட் மறுபக்கம். இரண்டாவது பக்கத்துச் சாமானை மொத்தமாக வாங்கினால் லாபம் கடைக்காரருக்கு.

பருப்பில் வேறு மாதிரி அடி. துவரம்பருப்பு பத்துக் கிலோ, கிலோவுக்கு 8 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று மொத்தக் கடையில் எடுத்தேன். மிச்சம் 80 ரூபாய். ஆடியில் டப்பாவைத் திறந்தால் வண்டு. “வெயில்ல போட்டு எடுத்தியா? வேப்பெல போட்டியா?” என்றார் அத்தை. நான் இரண்டும் செய்யவில்லை. சுளவில் புடைத்து, மொட்டை மாடியில் காயவைத்து மீட்டது போக இரண்டு கிலோ குப்பைக்குப் போனது. கிட்டத்தட்ட முந்நூறு ரூபாய். 80 ரூபாய் லாபத்துக்கு 300 ரூபாய் நட்டம் என்றால் கணக்கு டீச்சருக்கு எப்படி இருக்கும்! தொலி உளுந்து அவ்வளவு சீக்கிரம் வண்டு விழவில்லை. கோவில்பட்டிப் பக்கத்து உளுந்து தை, மாசியில் வரும்போது நாலு மாதத்துக்கு வாங்கலாம். உளுந்தங்களி, உளுந்தஞ்சோறு, தினம் மாவு என்று எங்கள் வீட்டில் உளுந்து நிற்காமல் ஓடுகிறது. துவரம்பருப்பு மட்டும் இனி மாதக் கணக்குதான். வத்தலுக்கு நடுவழி: விளாத்திகுளம் பக்கத்துப் புது வத்தல் வந்ததும் ஆறு மாதத்துக்கு எடுத்து, மறுபடி இரண்டு வெயில் காட்டி வைக்கிறோம். மல்லியும் சேர்த்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மில்லில் திரிக்கிறேன். மொத்தமாகத் திரித்து வைத்தால் நாலாவது மாதம் பொடியில் வாசம் இருப்பதில்லை.

அரிசிதான் ரொம்ப நேரம் பேசப்பட்டது. எங்கள் வீட்டுச் சோறு அம்பை 16. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. அங்கிருந்து 1986-ல் வெளிவந்த ரகம் இது. குட்டையாக, மொத்தையாக இருக்கும். பொன்னி சாப்பிட்டுப் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள், எங்களுக்கு அதுதான் சோறு. சொந்தக்காரர் வயலில் பிசான நெல்லாக எடுத்து, அவித்து, காயவைத்து, அரைத்துக்கொள்ளலாம் என்பது அத்தையின் கட்சி. நூறு கிலோ நெல்லுக்கு அரிசி ஏறக்குறைய 65 கிலோ வரும். நெல் விலையை அதில் வகுத்து, அவிக்கிற கூலி, மில் கூலி, வேன் வாடகை எல்லாம் ஏற்றினால் மூட்டை அரிசிக்கும் இதற்கும் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய்தான் வித்தியாசம். புது அரிசி குழையவும் செய்யும். ஆடி, ஆவணி வரை அடைந்து கிடந்தால்தான் பதம் வரும். அதுவரை எங்கே அடைய வைப்பது, என் தலைமாட்டிலா?

கடை மூட்டையில் ஒரு வேடிக்கை. 2022 ஜூலை 18-லிருந்து, பொதிந்து பெயர் அச்சடித்த அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதிலிருந்து கடைகளில் 26 கிலோ மூட்டை முளைத்தது. அந்த ஒரு கிலோ எதற்கு என்று இப்போதும் பலருக்குத் தெரியாது. ஆகவே பத்து கிலோ பை, ஐந்து கிலோ பை வாங்குகிறவர்கள் வரியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 26 கிலோ மூட்டை ஒரு மாதத்துக்குச் சரியாக வருகிறது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட என்றாலும் பழைய அரிசியாகக் கேட்டு வாங்குகிறேன். பழைய அரிசி தண்ணீர் இழுத்துப் பொலியும், சோறு காணும். நாழி அரிசியில் ஒரு ஆள் சாப்பாடு கூடத் தேறுகிறது.

வருசத்துக்கு வாங்குவதில் யாரும் பேசாத ஒரு செலவு, கையில் அந்தப் பணம் இருக்கவேண்டும் என்பது. பங்குனியில்தான் சாமான் மலிவு. பங்குனி உத்திரத்துக்குத்தான் சாஸ்தா கோயிலுக்கும் போகவேண்டும். வேன், பொங்கல், படப்பு என்று அதுவே ஒரு மாதச் சம்பளத்தைக் கடித்துவிடும். வைகாசி முடியும் முன் பள்ளிக்கூடக் கட்டணம். இந்த நெருக்கடியில் 5,000 ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்கிச் சாமான் எடுத்தால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 600. புளி மிச்சம், வத்தல் மிச்சம் எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். மாதம் 500 ரூபாய்ச் சீட்டு ஒன்றை மாசியில் எடுக்கிற மாதிரி போட்டுக்கொண்டேன். அது இல்லாத வருசம் புளியோடு நிறுத்திக்கொள்வேன்.

அண்ணாச்சி நோட்டும் தள்ளுவண்டியும்

ஆனி மாதம் முழுக்க அண்ணாச்சி கடை, ஆடி முழுக்க சூப்பர் மார்க்கெட், சாமான் பட்டியல் ஒன்றேதான். ஆனிக்கு ஆனது 5,240 ரூபாய். ஆடிக்கு 5,910.

அப்படியென்றால் அண்ணாச்சி கடை மலிவா? இல்லை. ஆடி பில்லில் பட்டியலில் இருந்த சாமான்களை மட்டும் கூட்டினால் 4,780-தான், அண்ணாச்சி விலையைவிட 460 குறைவு. மீதி 1,130 ரூபாய் பட்டியலில் இல்லாதது. கார்ட்டூன் படம் போட்ட பிஸ்கட், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஜாம் (எங்கள் வீட்டில் யாரும் ஜாம் தின்பதில்லை), ஒரு பிளாஸ்டிக் கூடை, மகன் தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டே கைக்கு எட்டியதையெல்லாம் உள்ளே போட்டது. சூப்பர் மார்க்கெட் விலையில் ஏமாற்றவில்லை. அங்கே போகும்போது நாம்தான் வேறு ஆளாகிவிடுகிறோம். ஒரு தடவை அலமாரியில் ஒட்டியிருந்த விலை ஒன்று, பில்லில் வந்தது ஒன்று. கேட்டவுடன் மாற்றிக் கொடுத்தார்கள். கேட்காமல் வந்திருந்தால்? கடை வாசலிலேயே நின்று பில்லைப் படித்துவிட்டு வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அண்ணாச்சி கடையில் பருப்பு கிலோவுக்கு நாலைந்து ரூபாய் கூடத்தான். அதற்குப் பதில் சில வசதிகள் உண்டு. 50 கிராம் கடுகு, பத்து ரூபாய்க்கு இஞ்சி, மூன்று முட்டை என்று வேண்டிய அளவுக்கு மட்டும் வாங்கலாம். சம்பளம் நாலு நாள் தள்ளிப்போனால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். வட்டியில்லாக் கடன், நோட்டில் பற்று எழுதிக்கொள்வதோடு சரி. தினக்கூலிக்குப் போகிற வீடுகளுக்கு இது வெறும் வசதி இல்லை, அடுப்பு எரிவதே இதனால்தான். கையில் மொத்தமாகப் பணம் வராத வீட்டைப் பார்த்து ‘மொத்தமா வாங்கினா மிச்சம்’ என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அவர்கள் தினம் வாங்குவதை வாரத்துக்கு என்று மாற்ற முடிந்தால் அதுவே பெரிய காரியம். காசு மிச்சமாவதோடு, கால் கிலோவுக்குப் பதில் ஒன்றரைக் கிலோ என்று கேட்டு விலை பேசவும் முடியும்.

நோட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. ஆனி மாத நோட்டில் ‘மிட்டாய் 10’ என்று பதினாலு இடத்தில் இருந்தது. தயிர் வாங்கப் போன மகன் ஒவ்வொரு தடவையும் தனக்கும் ஒரு பற்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். இப்போது சனிக்கிழமை தோறும் மகள் நோட்டைக் கூட்டிச் சொல்கிறாள். தம்பியின் மிட்டாய்க்குத் தனிப் பத்தி போட்டிருக்கிறாள், அவன் பயப்படுவது அவளுக்குத்தான்.

ஆவணியில் இரண்டையும் கலந்தேன். பருப்பு, சோப்பு, சலவைத்தூள், எண்ணெய் ஆகியவை சூப்பர் மார்க்கெட்டில். அதற்கு வீட்டுக்காரர் மட்டும் போவார். பட்டியலும், பட்டியலுக்குத் தக்க ரொக்கமும் மட்டும் கையில், வங்கி கார்டு வீட்டில். மற்றதெல்லாம் அண்ணாச்சி. 4,890 ஆனது. அதற்குப் பிறகு இந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்கு வரும் செயலிகளையும் ஒரு மாதம் பார்த்தேன். மல்லித்தழைக்காகத் திறந்து, டெலிவரிக் கட்டணம் தள்ளுபடியாக வேண்டுமென்று ஐஸ்கிரீம் சேர்த்தபோது நிறுத்திவிட்டேன்.

சோப்பு, ஷாம்பூ விஷயத்தில் ஒன்றே ஒன்று: விலையைப் பார்க்காதீர்கள், கிராமைப் பாருங்கள். விலை அப்படியே இருக்கும், கட்டி மெலிந்திருக்கும். இப்போது ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று பாக்கெட்டிலேயே பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். பெரியது என்றால் மலிவு என்ற நினைப்பும் வேண்டாம். நாங்கள் போடுகிற ஷாம்பூவில் பாட்டிலைவிட இரண்டு ரூபாய்ப் பாக்கெட்தான் மில்லிக்கு மலிவாக வந்தது.

காய்கறி

இது அன்றன்றைக்கும் இல்லை, மாதத்துக்கும் இல்லை, வாரத்தில் இரண்டு நாள். நயினார்குளம் மொத்த மார்க்கெட்டில் தக்காளி, பல்லாரி, உள்ளி (பெரிய, சின்ன வெங்காயம்) எல்லாம் மலிவுதான், ஆனால் மொத்தமாக எடுக்கவேண்டும். பக்கத்து வீட்டு மயினியோடும் கீழ்வீட்டு ஆச்சியோடும் பங்கு போட்டு இரண்டு முறை எடுத்தோம். பல்லாரியும் உள்ளியும் சரி. தக்காளியில் கடைசி ஒரு கிலோ மூன்று வீட்டிலும் அழுகியது. பங்கு பிரிக்கும்போது வந்த மனத்தாங்கலுக்கு நோட்டில் பத்தி இல்லை.

எங்களுக்குத் தோதானது மகாராஜநகர் உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், விவசாயியே கொண்டுவந்து விற்பது. விலை பலகையில் எழுதியிருக்கும், தராசு சரியாக இருக்கும். தடியங்காய், சீனியவரைக்காய், வாழைக்காய், கீரை எல்லாம் காலை ஏழு மணிக்குள் போனால் நல்லதாகப் பொறுக்கலாம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனவே நான் போனால் காய் விலை மட்டும்தான், அவர் வண்டியில் போனால் பெட்ரோல் சேரும். தெருவில் வருகிற வண்டிக்காரரிடம் கிலோவுக்கு ஐந்து, பத்து கூட. ஆனால் கால் கிலோ வெண்டைக்காய் வேண்டுமென்றால் அதற்காக நான் சந்தைக்குப் போகமாட்டேன்.

சந்தைக்குப் போகிற நாளுக்கு முந்தின நாள் கூட்டாஞ்சோறு. மிஞ்சிக் கிடக்கிற ஒரு கத்தரிக்காய், அரை முருங்கைக்காய், ஒரு கைப்பிடி அவரை, முருங்கைக்கீரை, எல்லாம் அரிசி பருப்போடு ஒரே பானைக்குள் போய்விடும். மாறாக, தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி சிக்கனச் சமையல் இல்லை. தேங்காய் விற்கிற விலையில் சொதி வைக்கிற அன்றைக்கு நோட்டைத் திறப்பதில்லை.

இப்போதைக்கு வழக்கில் தீர்ப்பாகாமல் நிற்பது கடலையெண்ணெய் ஒன்றுதான். நிலக்கடலைப் பருப்பை நாமே வாங்கிச் செக்கில் கொடுத்து ஆட்டினால் நல்லது என்கிறார் அத்தை. லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, ஆட்டுகூலியைச் சேர்த்து, புண்ணாக்குக் காசைக் கழித்துக் காட்டினேன், பாக்கெட் எண்ணெயைவிட நன்றாகவே கூட வருகிறது. “வாசத்துக்கு எவ்வளவு போட்ட?” என்று கேட்டார். நோட்டை மூடி வைத்திருக்கிறேன். ஆட்டினாலும் இரண்டு லிட்டருக்கு மேல் ஆட்டுவதில்லை என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. டின் காலியானதை அத்தையும் பார்த்தவர்தானே.